பெருந்திரளணிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்களா? சுற்றறிக்கையில் தொடங்கிக் கணக்கு முடிக்கிற வரை

சாரணர்களின் பெருந்திரளணிக்கு, அதாவது ஜம்போரிக்கு, அழைப்பு வந்தாச்சு. பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைமை ஆசிரியரோ, "நீங்களே பார்த்துக்கிடுங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் புதிதாகச் சாரணர் படையோ சாரணியர் படையோ எடுத்து நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து வேண்டும், டிக்கெட் எப்போது எடுக்க வேண்டும், காசை எப்படி வாங்க வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லத்தான் ஆள் இல்லை. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளி அளவிலோ மாவட்ட அளவிலோ நடக்கும் இரண்டு நாள் முகாமுக்கு இவ்வளவு தேவைப்படாது. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கூடி ஒரு வாரம் தங்குகிற முகாமுக்கு, அதாவது 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட்டில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணி மாதிரியோ, அதே ஆண்டு நவம்பரில் லக்னோவில் நடந்த தேசியப் பெருந்திரளணி மாதிரியோ ஒன்றுக்குப் போவதாக வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. சுற்றறிக்கையைப் பேனாவோடு படியுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பிலேயே படித்து முடித்துவிடாதீர்கள். அச்செடுத்து ஐந்து விஷயங்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: வயது எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது, எந்தத் தகுதி நிலை முடித்தவர்கள் வரலாம் (துவிதிய சோபான், திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் எழுதியவர்களா), மாவட்டத்துக்கு எத்தனை இடம், பணம் கட்டக் கடைசி நாள் எது, சாப்பாடும் கூடாரமும் அவர்கள் தருவதா நாம் கொண்டுபோவதா.

கடைசியில் சொன்னதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். சில முகாம்களில் மையச் சமையல். தட்டும் டம்ளரும் போதும். சிலவற்றில் ரேஷன் மட்டும் தருவார்கள், சமையல் நம்முடையது. அப்படியென்றால் பாத்திரம், அடுப்பு, சமையல்காரர் என்று செலவுக் கணக்கே வேறாகிவிடும். சுற்றறிக்கையில் தெளிவாக இல்லாவிட்டால் மாவட்டச் செயலரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. செட்டிநாடு என்பது ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி சிவகங்கை மாவட்டம். ராயவரம், கடியாபட்டி, ராங்கியம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். அரைமணி நேரத் தூரத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளும் சேர்ந்து பயிற்சி எடுக்கலாம், ஒரே வண்டியில்கூடப் போகலாம். ஆனால் இடஒதுக்கீடும் பெயர்ப்பட்டியலும் அவரவர் மாவட்டம் வழியாகத்தான். "அவங்க படையோட எங்க பிள்ளைகளையும் சேர்த்துக் கொடுத்துட்டோம்" என்று கடைசி வாரத்தில் போய் நின்றால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

2. பெயர்ப்பட்டியலை முதலில் முடியுங்கள்

இந்தியாவில் சாரணர் பிரிவுக்கு வயது 10 முதல் 17. ஓர் அணிக்கு 6 முதல் 8 பேர். ஆகவே 8 அல்லது 16 என்று அணி அணியாகத் தேர்ந்தெடுங்கள். 11, 13 என்று எடுத்தால் கூடாரம், சமையல் முறை, போட்டி எல்லாவற்றிலும் இரண்டு மூன்று பேர் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

யாரை எடுப்பது? நன்றாகப் பாடுகிறவன், அணிவகுப்பில் மிடுக்காக நடக்கிறவள் என்று பார்த்தே எல்லோரும் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், தன் தட்டைத் தானே கழுவுகிற பிள்ளையை முதலில் எடுங்கள். மற்றதைச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரிக்குப் பிறகு நடக்கும் முகாமுக்கு எடுப்பதற்கு முன் வகுப்பாசிரியரிடம் பேசிவிடுங்கள். செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு எல்லாம் அந்தச் சமயத்தில்தான் வரும். தையில் நம் ஊர்க் காலண்டரையும் பார்க்க வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டு, நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல், தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் என்று வரிசையாக இருக்கும். நகரத்தார் வீட்டுப் பிள்ளை வருஷா வருஷம் காவடியோடு நடக்கிற குடும்பமாக இருந்தால், பேர் கொடுத்துவிட்டுக் கடைசியில் வராமல் போக வாய்ப்பு உண்டு. பட்டியல் போடும்போதே நேரடியாகக் கேட்டுவிடுங்கள். மாற்று ஆளாக இரண்டு பேரை ஆவணங்களோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சாரணியர் படை என்றால் பெண் தலைவர் கட்டாயம் (படையை நடத்தும் பெரியவரைத்தான் தலைவர் என்கிறேன்). "டீச்சர் வர முடியலை, நானே பார்த்துக்கிடுறேன்" என்பதெல்லாம் செல்லாது, செல்லவும் கூடாது. தலைவர்களிடம் அடிப்படைப் பயிற்சி முடித்த சான்றும் கேட்பார்கள். அதன் நகலையும் எடுத்து வையுங்கள்.

3. ஆவணக் கோப்பு

ஒரு பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. உறையின்மேல் பெயர், அணி, ரத்தப் பிரிவு, பெற்றோரின் இரண்டு கைபேசி எண்கள். உள்ளே இருக்க வேண்டியவை: பெற்றோர் சம்மதக் கடிதம், உடற்தகுதிச் சான்று, ஆதார் நகல், பள்ளியின் போனஃபைட் சான்று, படையின் நடப்பு ஆண்டுப் பதிவுப் புதுப்பிப்பு ரசீது நகல், தகுதிச் சான்று நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் 6. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். ஒன்று உங்கள் கைப்பையில் போகும், இன்னொன்று பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் இருக்கும்.

பெயரில்தான் பெரிய வில்லங்கம். நம் பக்கத்தில் விலாசம், அதாவது பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்து, நீளமாக இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் "பழ.கரு.மெய்யப்பன்" என்று இருக்கும் பையன் ஆதாரில் தகப்பனார் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டு "மெய்யப்பன் கருப்பையா" என்று இருப்பான். சாரணர் இணையப் பதிவில் யாரோ அவசரத்தில் வெறும் "மெய்யப்பன்" என்று அடித்திருப்பார்கள். மூன்றும் மூன்று ஆள் மாதிரி தெரியும். ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே எடுத்து, பட்டியல், டிக்கெட், அடையாள அட்டை எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். போனஃபைட் சான்றில் மட்டும் பள்ளிப் பதிவேட்டுப் பெயரை எழுதி, "ஆதாரில் உள்ள பெயர்" என்று அடுத்த வரியில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் முத்திரை இரண்டு வரியையும் தொட்டு விழட்டும்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து யாருடையது? அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்க, பிள்ளை ஆயா (பாட்டி) வீட்டில் வளர்வது இங்கே சகஜம். ஆயா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், ஐயா (தாத்தா) கைநாட்டு வைத்துக் கொடுப்பார், பதிவு மேசையில் "பெற்றோர் எங்கே?" என்று கேட்பார்கள். அம்மா ஊரில் இருந்தால் அம்மா கையெழுத்தே போதும். இரண்டு பேரும் இல்லையென்றால், அவர்களிடமிருந்து "என் பிள்ளைக்கு என் தாயார் பொறுப்பு" என்று ஒரு கடிதம் எழுதி வாங்கி, பள்ளியில் பாதுகாவலராகப் பதிவு செய்து, அதன் பிறகு ஆயாவிடம் கையெழுத்து வாங்குங்கள். கடிதம் தமிழில் இருக்கட்டும். வெளிமாநிலம் போகிறீர்கள் என்றால் கீழே ஆங்கிலத்திலும் அதையே எழுதுங்கள். போகும் இடம், தேதிகள், பயண முறை, அவசரமென்றால் மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம், இந்த நான்கும் கடிதத்தில் கட்டாயம். நான்காவதை விட்டுவிட்டால் மருத்துவமனையில் நள்ளிரவில் திண்டாடுவீர்கள்.

உடற்தகுதிச் சான்றை ரொம்ப முன்னாலேயே வாங்காதீர்கள். முகாமுக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் தேதி இருப்பது நல்லது. அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ முதல் நாளே போய் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் நாளில் எல்லோரையும் மொத்தமாகக் கூட்டிப் போங்கள். காலை வெளிநோயாளி நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் 16 பிள்ளைகளோடு போய் நின்றால் அவரும் என்னதான் செய்வார்! சான்றில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முத்திரையில் எண் விழாததால் ஓர் அலுவலகத்தில் எங்கள் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பினார்கள், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை.

மருத்துவரிடம் பெற்றோர் மறைக்கக்கூடாதது: வலிப்பு, இழுப்பு (ஆஸ்துமா), ஒவ்வாமை, படுக்கையில் சிறுநீர் கழிப்பது. "சொன்னா கூட்டிட்டுப் போகமாட்டாங்க" என்ற பயம் இருக்கும். அதனால் இதைத் தனித்தாளில், மூடிய உறையில் வாங்குங்கள். தலைவர்கள் மட்டும் படித்தால் போதும்.

ஆசிரியரான உங்களுக்கும் ஆவணம் தேவை. பணிநிமித்த அனுமதி, அதாவது ஓ.டி., கல்வி அலுவலரிடமிருந்து எழுத்தில் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். வாய்மொழி அனுமதியை நம்பிப் போனால் திரும்பி வந்தபின் அந்த நாட்கள் உங்கள் சொந்த விடுப்பில் கழியும்.

4. பணம்

செலவைக் கணக்கிடும்போது தலைவர்களை விட்டுவிடுவது பொதுவாக நடக்கும். 16 பிள்ளைகள், 2 பெரியவர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 2,000 ரூபாய் பயணச் செலவு என்றால் மொத்தம் 36,000. அதைப் பிள்ளைகளுக்குள் பிரித்தால் தலைக்கு 2,250. பள்ளியோ ஊர்ப் பெரியவரோ தலைவர்களின் செலவை ஏற்றால் அதைக் குறையுங்கள். ஏற்பார்கள் என்று நினைத்துக்கொண்டு முன்கூட்டியே குறைக்காதீர்கள்.

முகாம் கட்டணம், பயணம், வழிச்சாப்பாடு, படைச் சாமான், கண்காட்சிச் செலவு என்று தலைப்பு வாரியாகப் போட்டு, மொத்தத்தில் 10 சதவீதம் அவசரத்துக்கென்று சேருங்கள். சீருடையை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். அது வீட்டுச் செலவு. ஆனால் துணியை எல்லோரும் ஒரே கடையில், ஒரே நாளில் எடுக்கட்டும். சாம்பல் நிறச் சட்டை என்று சொல்லி ஆளுக்கொரு கடையில் எடுத்தால் அணிவகுப்பில் ஐந்து வகைச் சாம்பல் தெரியும். தையற்காரருக்கு ஒரு மாதம் கொடுங்கள்; தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் இரண்டு மாதம்.

பணத்தை உங்கள் சொந்த ஜிபேயில் வாங்காதீர்கள். இது கண்டிப்பு. பள்ளிக் கணக்கு அல்லது படையின் பெயரில் இரண்டு பேர் சேர்ந்து இயக்கும் வங்கிக் கணக்கு, இரண்டில் ஒன்றில் வாங்குங்கள். 50 ரூபாய் என்றாலும் ரசீது. மூன்று தவணை வைத்துக்கொள்ளுங்கள்: பேர் கொடுக்கும்போது, டிக்கெட் எடுப்பதற்கு முன், கிளம்ப இரண்டு வாரம் முன். பிள்ளை வராமல் போனால் எது திரும்பும், எது திரும்பாது என்று முதல் ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள்.

கட்ட முடியாத வீடு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அதை வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். இங்கே நன்கொடை கொடுக்கும் குணம் ஊறிய ஊர்கள் உண்டு. பிள்ளையின் பேரைச் சொல்லாமல் "ஒரு பிள்ளையின் முழுச் செலவு" என்று கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது. கொடுத்தவருக்கும் ரசீது, திரும்பி வந்தபின் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். பிள்ளையை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி நன்றி சொல்ல வைக்க வேண்டாம்.

5. பயணம்

மாவட்டமோ மாநிலமோ மொத்தமாகப் பயண ஏற்பாடு செய்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள்தான்.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். 2024 அக்டோபர் வரை 120 நாட்களாக இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் "நாலு மாசம் முன்னாடி" என்றே சொல்வார்கள். அந்த 60ஆம் நாளில் பட்டியல் கையில் இருக்க வேண்டும் என்பதால்தான் இரண்டாவது படியை அவ்வளவு வற்புறுத்தினேன். ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் போட முடியாது. மொத்தமாகப் போட வேண்டுமானால் பள்ளியின் கடிதத்தாளில், பெயர், வயது, பாலினப் பட்டியலோடு, தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டு ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். காரைக்குடி சந்திப்பு மதுரைக் கோட்டத்தில் வருகிறது. எண்ணிக்கை கூடினால் அனுமதி கோட்ட வணிக அலுவலகம் வரை போகும். கவுண்டரில் முதல் நாளே போய், யாரிடம் கடிதம் கொடுப்பது என்று கேட்டு வந்துவிடுங்கள்.

பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்துக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 5 வயது முதல் 12 நிறையாத பிள்ளைக்கு அரைக் கட்டணம் உண்டுதான். ஆனால் படுக்கை கிடையாது. படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். இரண்டு இரவுப் பயணத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்தே கூட்டிப் போக முடியாது, முழு டிக்கெட்டே எடுங்கள். சாரணர்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகையை மனத்தில் வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள். 2020க்குப் பிறகு பல சலுகைகள் நின்றுபோயின. கவுண்டரில் கிடைத்தால் லாபம்.

கடைசி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டிக்கெட் வீணாக வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பள்ளி மாணவர் குழுவாகப் போகும்போது, வண்டி கிளம்ப 48 மணி நேரம் முன்னதாகத் தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் பெயரை மாற்றித் தருவார்கள். ஒரு முறைதான், குழுவில் 10 சதவீதத்துக்கு மேல் முடியாது. கிளம்பும் நாள் ஞாயிறாக இருந்து, வெள்ளி மாலைக்குள் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் கிடைக்காவிட்டால் இந்த வசதி இருந்தும் இல்லாததுதான். பள்ளி முத்திரை போட்ட வெற்றுக் கடிதத்தாளை வாங்கி வைத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம், அது தப்பு. தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தாலே போதும்.

வடக்கே போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் சென்னையில் வண்டி மாற வேண்டும். பல்லவன் காரைக்குடியிலிருந்தே கிளம்புவதால் பிள்ளைகளை நிதானமாக ஏற்றலாம். ராமேஸ்வரத்திலிருந்து வரும் வண்டிகள் இங்கே சில நிமிடம்தான் நிற்கும், 16 பிள்ளைகளும் 30 மூட்டைகளும் அதற்குள் ஏறாது. மாறும் இடத்தில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டு பயணத்திலும் ஆட்கள் ஒன்றாக இருந்தால் இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்துப் போடச் சொல்லுங்கள். முதல் வண்டி தாமதமாகி அடுத்தது தவறினால் பணத்தைத் திருப்பிக் கேட்க அது உதவும். அசல் அடையாள அட்டை ஒரு டிக்கெட்டுக்கு ஒன்றாவது வேண்டும். படம் ஒட்டிய பள்ளி அடையாள அட்டை செல்லும்.

கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ரயிலில் ஏறவே கூடாது. ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவு 3 ஆண்டு சிறை வரை சொல்கிறது. சமையலுக்கு வேண்டியதை அங்கே போய் வாடகைக்கு எடுங்கள். மூங்கில் கழிகளையும் அங்கேயே வாங்குங்கள். இங்கிருந்து சுமந்துபோய்ச் சேர்ப்பதற்கு ஆகும் செலவில் இரண்டு மடங்கு கழி கிடைக்கும்.

மணப்பாறை மாதிரி பக்கத்து ஊர் என்றால் வேனோ பேருந்தோதான் சரி. வாடகைக்குப் பேசும்போது பெர்மிட், தகுதிச் சான்று, காப்பீடு மூன்றின் தேதியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஓட்டம் வேண்டாம். "காலையில நாலு மணிக்கு விட்டுடுறேன் சார்" என்பார்கள். அதற்கு முந்தைய இரவு அந்த ஓட்டுநர் எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள்.

6. பெற்றோர் கூட்டம்

ஒரு கூட்டம் போதும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். அம்மா, அப்பத்தா, சித்தி என்று யார் வந்தாலும் உட்கார வையுங்கள். வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பயணத் திட்டத்தை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். கைச்செலவுக்கு உச்சவரம்பு சொல்லிவிடுங்கள். நான் 500 என்று வைப்பேன். கைபேசி, தங்கச் சங்கிலி, மோதிரம் வேண்டாம் என்பேன். காதுத் தோட்டைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லும் ஆயாவோடு வாதம் செய்யாதீர்கள், கவரிங் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

தினமும் இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, இரண்டு படம் வரும் என்று சொல்லுங்கள். சொன்னால் ஒரு நாளும் தவறக்கூடாது. ஒரு நாள் தவறினால் அந்த இரவு உங்கள் கைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். பெரிய முகாமில் சிக்னல் திணறும். அதனால் ஊரில் இருக்கும் ஓர் ஆசிரியரைத் தொடர்பு ஆளாக வைத்து, அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அவர் குழுவில் போடட்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு உங்கள் விதிகளை அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க மாட்டார், தலைவர்கள் பிள்ளைகளின் கூடாரத்தில் படுக்க மாட்டார்கள், குளிக்கும் இடத்தில் படம் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை, எதுவும் தவறாகப் பட்டால் பிள்ளை 1098க்கு அழைக்கலாம். சொல்லும்போது கூட்டம் கொஞ்சம் சங்கடமாக நெளியும். பரவாயில்லை.

7. ஒரு ராத்திரி ஒத்திகை

பயிற்சிக்கென்று ஆறு வாரம் ஒதுக்கி, வாரம் ஒரு சனிக்கிழமை வையுங்கள். அணிவகுப்பு, முடிச்சு, கலைநிகழ்ச்சி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது பள்ளி மைதானத்தில் ஒரு ராத்திரி தங்காமல் எந்தப் படையையும் கூட்டிப் போகாதீர்கள்.

அந்த ராத்திரியில் எல்லாம் வெளியே வரும். நம் பக்கத்துச் சரளை மண்ணில் கூடாரத்தின் மரமுளை பாதி இறங்கிப் பிளந்துவிடும். பட்டறையில் சொல்லி அரையடி இரும்புக் கம்பியின் தலையை வளைத்து வாங்கினால் இறங்கும். ஆனால் முகாம் நடக்கும் இடம் மணலாகவோ உழுத நிலமாகவோ இருந்தால் அதே கம்பி ஒரு காற்றுக்கே வெளியே வந்துவிடும். அங்கே மரமுளைதான் நிற்கும். இரண்டையும் கொண்டுபோங்கள்.

ஒரு பையனுக்குக் கொசுவலை கட்டத் தெரியாது, ஒரு பெண்ணுக்கு இருட்டில் கழிப்பறைக்குப் போகப் பயம், இன்னொருவனுக்கு அம்மா பிசைந்து கொடுத்தால்தான் சோறு இறங்கும். எதையும் நீங்கள் சரிசெய்யாதீர்கள். அணித்தலைவரிடம், அதாவது அணியை நடத்தும் பிள்ளையிடம், விடுங்கள். அணித்தலைவர் உங்களிடம் வந்து "சார், என்ன பண்ணட்டும்?" என்று கேட்டால், "நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிற?" என்று திருப்பிக் கேளுங்கள். முகாமில் தலைவர்கள் பதிவு மேசையிலும் கூட்டத்திலும் பாதி நேரம் நிற்பார்கள். கூடாரத்தில் அணித்தலைவர்தான் இருப்பார்.

இட்லிக்குப் பழகின வயிறு வடக்கே சப்பாத்தியையும் பருப்பையும் முதல் இரண்டு நாள் ஏற்காது. ஒத்திகையில் ஒருவேளை சப்பாத்தி போடுங்கள்.

கண்காட்சியும் உணவு அரங்கும் இருந்தால் செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஆசையாக ஆத்தங்குடிக் கல்லைப் பெட்டி நிறைய எடுத்துப்போகாதீர்கள். கனமும் அதிகம், உடையவும் செய்யும். இரண்டு கல் போதும். பனையோலைக் கொட்டானும் கண்டாங்கிச் சேலையும் எடை குறைவு, பார்க்க அழகு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அட்டையில் எழுதி வையுங்கள். சமைத்துக் காட்ட வெள்ளைப் பணியாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாவு ஆட்ட அங்கே கிரைண்டர் இல்லை. கும்மாயம்தான் தோது. உளுந்து, பாசிப்பருப்பு, அரிசியை வீட்டிலேயே வறுத்துத் திரித்துக் கொண்டுபோனால், அங்கே கருப்பட்டிப் பாகும் நெய்யும் ஒரு வாணலியும் போதும். கவுணி அரிசியும் நல்லதுதான். முந்தின ராத்திரியே ஊறப்போட யாருக்காவது நினைவிருந்தால்.

8. பை

பிள்ளை தானே தூக்கி அரை கிலோமீட்டர் நடக்க முடிகிற பைதான் பை. ஒத்திகையில் நடக்கவிட்டுப் பாருங்கள். சூட்கேஸ் வேண்டாம்.

சீருடை இரண்டு செட், ஸ்கார்ஃப் இரண்டு (ஒன்று கட்டாயம் தொலையும்), வாகிள் (ஸ்கார்ஃபைக் கோக்கும் வளையம்), பெல்ட், தொப்பி, கருப்பு ஷூ, செருப்பு, தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில், டார்ச், 3 மீட்டர் கயிறு, போர்வை, விரிப்பு, கொசுவர்த்தி அல்ல கொசுக்களிம்பு. கூடாரத்துக்குள் நெருப்பு கூடாது. எல்லாவற்றிலும் துணிப்பேனாவால் பெயரும் அணியும்.

குளிரை யாரும் நம்ப மாட்டார்கள். காரைக்குடி வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு ஸ்வெட்டர் என்பது படத்தில் பார்த்த பொருள். 2023 ஜனவரியில் தேசியப் பெருந்திரளணி ராஜஸ்தானின் ரோஹட்டில் நடந்தது. அந்த மாதிரி இடத்தில் ஜனவரி இரவை ஒற்றைப் போர்வையில் கழிக்க முடியாது. ஸ்வெட்டர், காலுறை இரண்டு ஜோடி, காதை மூடும் குல்லா. வெயிலும் சும்மா இல்லை. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவில் நடந்த உலகப் பெருந்திரளணியில் வெயில் தாங்காமல் சில நாட்டுக் குழுக்கள் பாதியிலேயே களத்தைவிட்டுக் கிளம்பின.

தின்பண்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு டின் வரும். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம், வழிப்படுத்துங்கள். தேன்குழல், சீப்புச்சீடை, கைமுறுக்கு ஒரு வாரம் நிற்கும். அதிரசம் எண்ணெய் கசிந்து சீருடையில் ஏறும். மாவுருண்டை வண்டிக் குலுக்கலில் மறுபடி மாவாகிவிடும். கந்தரப்பம் அன்றைக்கே தின்ன வேண்டியது. உலர்ந்த பண்டம் மட்டும், அணிக்கு ஒரே டின்னில் கொட்டி, அணித்தலைவர் பொறுப்பில், தரையில் வைக்காமல் கட்டித் தொங்கவிட வேண்டும். தனித்தனி டின் கூடாரத்துக்குள் இருந்தால் இரண்டாம் நாள் எறும்பு, மூன்றாம் நாள் சண்டை.

9. மருந்துப்பெட்டி

பிள்ளைகள் கையில் மாத்திரை இருக்கக்கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை, மருத்துவர் சீட்டோடு, பெயர் எழுதிய உறையில் தலைவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். விதிவிலக்கு இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர். அது அவன் பையிலேயே இருக்கட்டும், இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தாராளமாக எடுங்கள். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் அணித்தலைவர்களுக்கு அளந்து காட்டுங்கள். சானிட்டரி நாப்கின் பெட்டியை பெண் தலைவரின் கூடாரத்தில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். கேட்டு வாங்க வைத்தால் கேட்க மாட்டார்கள்.

10. போய் இறங்கிய முதல் மாலை

கூடாரம் அடிப்பதற்கு முன் மூன்று இடங்களை அணி அணியாக நடந்து பார்க்க வையுங்கள்: தண்ணீர், கழிப்பறை, மருத்துவ முகாம். தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஓர் அடையாள இடம் சொல்லுங்கள். அது கொடிக்கம்பமாக இருக்க வேண்டாம். பெரிய முகாமில் எங்கு பார்த்தாலும் கொடிக்கம்பம்தான். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் படையின் பெயர், உங்கள் எண், கூடார எண் எழுதிய அட்டை இருக்கட்டும். தலையை எண்ணுவது காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு வேளை. எண்ணுவது அணித்தலைவர், உங்களிடம் சொல்வது எண்ணிக்கை மட்டும்.

அழுகிற பிள்ளையை அன்றிரவு வீட்டோடு பேச வைக்காதீர்கள். காலையில் பேசட்டும். அனேகமாகக் காலையில் அந்தப் பிள்ளைக்குப் பேச நேரம் இருக்காது.

11. திரும்பியபின்

பத்து நாளுக்குள் கணக்கை முடித்து, பில் நகல்களோடு பெற்றோர் குழுவில் போட்டுவிடுங்கள். மிச்சம் 12 ரூபாய் என்றாலும் பிரித்துத் திருப்பிக் கொடுங்கள், அல்லது படைக் கணக்கில் சேர்க்க எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பங்கேற்புச் சான்றில் பெயர் பிழை இருந்தால் அந்த மாதத்திலேயே மாவட்டத்தில் சொல்லித் திருத்துங்கள். ராஜ்ய புரஸ்கார் நேரத்தில் தேடினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஓ.டி.க்கான வருகைச் சான்றைப் பள்ளியில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

கூடாரத்தை மடித்தபடியே அறையில் போடாமல் இரண்டு பக்கமும் ஒரு முழு வெயில் காட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முகாமுக்குப் பூஞ்சணம்தான் மிஞ்சும். பிள்ளைகளின் ஆதார் நகல்களும் மருத்துவத் தாள்களும் பீரோவில் கிடக்க வேண்டாம். உறையோடு அந்தந்த வீட்டில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.